நாற்பது வயதுத் தலைக்குச் சாயம்

போன வருடம் மார்ச் மாதம் எங்கள் அலுவலகத்தில் இரண்டு நாள் பயிற்சி வகுப்பு நடந்தது. பத்து வருடத்துக்கு மேல் அனுபவம் உள்ளவர்கள் கட்டாயம் வர வேண்டும் என்று மெயில். தலைப்பைத் தமிழில் சொன்னால், ‘தலைமைக்குரிய தோற்றமும் தன்னம்பிக்கையும்’. அதற்குச் சரியாக ஆறு வாரம் முன்னால்தான் எங்கள் தளத்திலிருந்து முப்பத்தோரு பேரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அதில் முக்கால்வாசிப் பேர் நாற்பதைத் தொட்டவர்கள் அல்லது தாண்டியவர்கள். அவர்கள் உட்கார்ந்த நாற்காலிகளைக்கூட இன்னும் எடுத்துப் போகவில்லை. மிச்சம் இருந்த எங்களுக்கு எப்படிச் சட்டை போடுவது, எப்படிக் கை குலுக்குவது, எந்த ஷூவுக்கு எந்த பெல்ட் என்று பாடம்.

பயிற்சியாளர் கெட்டவர் இல்லை. மதியம் சாப்பாட்டு வரிசையில் என் பின்னால் நின்று, தன் பெண்ணுக்கு எந்தக் காலேஜில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கும் என்று கவலையோடு விசாரித்தார். ஆனால் மேடையில் ஏறியதும் ஒரு வட்டப் படத்தைப் போட்டார். உங்கள் பேச்சின் தாக்கத்தில் வார்த்தைக்கு 7 சதவீதம், குரலுக்கு 38 சதவீதம், தோற்றத்துக்கும் உடல்மொழிக்கும் 55 சதவீதம். ‘அதாவது நண்பர்களே, நீங்க என்ன பேசறீங்கங்கறது வெறும் ஏழு பர்சென்ட்.’ எல்லாரும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

இந்த 7-38-55 எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் உங்கள் வாழ்க்கையிலும் ஒரு நாள் யாராவது இந்த வட்டத்தைப் போட்டுக் காட்டுவார்கள். ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியல் பேராசிரியர் 1967இல் வெளியிட்ட இரண்டு ஆய்வுகளைச் சேர்த்துச் செய்த கணக்கு அது. ஒற்றை வார்த்தைகளை வெவ்வேறு குரலில் சொல்லவைத்து, முகப் படங்களைக் காட்டி, சொல்கிறவருக்கு நம்மைப் பிடித்திருக்கிறதா பிடிக்கவில்லையா என்பதைக் கேட்பவர் எதை வைத்து முடிவு செய்கிறார் என்று பார்த்தார். வார்த்தை ஒன்று சொல்ல, முகம் வேறு சொன்னால் நாம் முகத்தை நம்புகிறோம். அவ்வளவுதான் கண்டுபிடிப்பு. இது உணர்ச்சியைப் பற்றிய பேச்சுக்கு மட்டுமே பொருந்தும் என்று மெஹ்ராபியனே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். யார் கேட்டார்கள்? டேட்டாபேஸ் ஏன் விழுந்தது என்று நான் விளக்கும்போது என் வார்த்தைக்கு ஏழு சதவீத மதிப்பு என்றால், மிச்சம் தொண்ணூற்று மூன்றை வைத்து சர்வரைத் தூக்கி நிறுத்திக் காட்டுங்கள் பார்க்கலாம்.

இதை வகுப்பில் எழுந்து கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. எனக்கும் அன்றைக்குத் தலையில் சாயம் இருந்தது.

*

அந்தக் கதையைச் சொல்லாமல் மேலே போவது நேர்மையில்லை.

எனக்கு முப்பத்தொன்பது வயது. 2007இல் கேம்பஸில் தேர்வாகி, 2008 மந்தத்தை பெஞ்சில் உட்கார்ந்து கழித்த தலைமுறை. வெளி உலகத்தில் முப்பத்தொன்பது என்பது பேருந்தில் இடம் விட்டுத் தரும் வயதுகூட இல்லை. சோழிங்கநல்லூர் சிக்னலைத் தாண்டினால் அதுவே தாத்தா வயது. ‘அண்ணா, நீங்க அந்தக் காலத்து ஆள், ஸ்ட்ரட்ஸ் எல்லாம் பாத்திருப்பீங்க’ என்பான் இருபத்தி நாலு வயதுப் பையன். கிண்டல்கூட இல்லை அது, உண்மையான மரியாதை. அதுதான் வலிக்கும்.

அந்த முப்பத்தோரு பேர் போன வாரத்தில் நான் கண்ணாடியை வேறு மாதிரிப் பார்க்க ஆரம்பித்தேன். காதோரம் இருந்த நரை போன வாரம் வரை வெறும் நரை. அந்த வாரத்திலிருந்து அது ஒரு பட்டியலில் என் பெயர் இருப்பதற்கான ஆதாரம். கெமிக்கல் வேண்டாம் என்று, பாக்கெட்டில் இலை படம் போட்ட ‘ஹெர்பல் கருப்பு மருதாணி’ வாங்கினேன். இரண்டு முறை ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவது முறை சனிக்கிழமை சாயங்காலம் பூசினேன், திங்கட்கிழமை ரேட்டிங் மீட்டிங் இருந்தது என்பதால். ஞாயிறு இரவு உச்சந்தலை அரிக்க ஆரம்பித்தது. திங்கள் காலை எழுந்தால் வலது கண் திறக்கவில்லை. நெற்றி வீங்கி இமை மேல் இறங்கியிருந்தது. காதுக்குப் பின்னால் நீர்க் கொப்புளங்கள். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் மகள் பார்த்துவிட்டு அழுதாள்.

மருதாணி கருப்பாகாது. நம் பாட்டிகளுக்குத் தெரிந்த விஷயம் இது. மருதாணியில் இருக்கும் லாசோன் என்ற நிறமி செம்பழுப்பைத்தான் தரும். ‘கருப்பு மருதாணி’ என்று விற்கப்படுவதில் கருப்பைத் தருவது பெரும்பாலும் பாரா-பினைலீன்-டையமீன், சுருக்கமாக பிபிடி. கடையில் விற்கும் பெரும்பாலான நிரந்தரச் சாயங்களிலும் இதுவோ இதன் சகோதரர்களோதான் இருக்கும். முடிக்குள் புகும்போது நிறம் இருக்காது. உள்ளே போய் ஆக்ஸிஜனோடு சேர்ந்து பெரிய மூலக்கூறாகிக் கருக்கும், வெளியே வர முடியாது. அழகான வேதியியல், சந்தேகமே இல்லை. ஆனால் சிலருடைய உடம்பு முதல் ஒன்றிரண்டு தடவையில் இதை அடையாளம் கண்டு வைத்துக்கொள்கிறது, அடுத்த தடவை ஒன்றிரண்டு நாள் கழித்துப் பழி வாங்குகிறது. 48 மணி நேரத்துக்கு முன்பே காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவிப் பாருங்கள் என்று பாக்கெட்டின் பின்பக்கம் எறும்பு எழுத்தில் போட்டிருந்தது. மென்பொருளில் எச்சரிக்கைச் செய்திகளைப் படிக்காமல் ‘ஓகே’ அழுத்துகிறவர்களைப் பதினெட்டு வருடமாகத் திட்டிக்கொண்டிருக்கிறவன் நான்.

மீட்டிங்கில் கேமராவை அணைத்துவிட்டுப் பேசினேன். ‘வீடியோ ஆன் பண்ணலாமே, எங்கேஜ்மென்ட் கம்மியா இருக்கே’ என்றார் மேலாளர். ஒரு வாரம் ஸ்டீராய்டு மாத்திரை. வீக்கம் வடிந்ததும், வெட்கம் இல்லாமல் சொல்கிறேன், பிபிடி இல்லாத வேறு ஒரு சாயத்தைத் தேடிப் பிடித்துப் பூசிக்கொண்டுதான் அந்த மார்ச் வகுப்பில் போய் உட்கார்ந்தேன்.

*

அதோடு விட்டேனா? இல்லை. துரைப்பாக்கத்தில் ஒரு முடி மாற்றுச் சிகிச்சை நிலையத்துக்கும் போனேன். ‘ஆலோசனை இலவசம்’.

ஆலோசனை சொன்னவர் மருத்துவர் இல்லை, ‘கவுன்சிலர்’. இருபத்தைந்து வயசு இருக்கும். என் தலையை மேலிருந்து போட்டோ எடுத்துத் திரையில் பெரிதாக்கினார். நம் தலையை நாம் ஒருபோதும் அந்தக் கோணத்தில் பார்ப்பதில்லை. கூகுள் மேப்பில் சொந்த ஊர் ஏரி வற்றிக் கிடப்பதைப் பார்ப்பது போல இருந்தது. ‘சார், நீங்க நார்வுட் கிரேட் மூணு வெர்டெக்ஸ். இப்ப பண்ணா ரெண்டாயிரத்து எண்ணூறு கிராஃப்ட்ல முடிஞ்சிடும். லேட் பண்ணா கிரேட் அஞ்சு.’ ஒரு கிராஃப்டுக்கு 45 ரூபாய். மொத்தம் 1,26,000. மாதத் தவணை 10,500, பன்னிரண்டு மாதம், வட்டி இல்லை. கடைசியில் குரலைத் தாழ்த்திச் சொன்னார், ‘உங்க ஃபீல்டுல நிறைய பேர் வர்றாங்க சார். ஜாப் மார்க்கெட் அப்படி.’

அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. பயிற்சி வகுப்பு மறைத்த விஷயத்தை வாசலிலேயே சொல்லிவிட்டது.

இந்தத் தொழிலின் அடிப்படை 1950களில் நியூயார்க்கைச் சேர்ந்த தோல் மருத்துவர் நார்மன் ஓரன்ட்ரைக் செய்த வேலை. பின்னந்தலை முடியைப் பிடுங்கி முன்னால் நட்டால், அது பின்னந்தலையின் குணத்தோடேயே வளர்கிறது, உதிர்வதில்லை. இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். புதிதாக ஒரு முடிகூட உண்டாவதில்லை. பின்னால் இருப்பது முன்னால் வருகிறது. பழைய கடனை அடைக்க நகையை எடுத்துப் போய் வேறு கடையில் வைப்பது மாதிரி. நட்டதைச் சுற்றி இருக்கும் பழைய முடி தன் போக்கில் உதிர்ந்துகொண்டே இருக்கும், அதனால் மாத்திரையும் தைலமும் கூடவே எழுதித் தருவார்கள். மினாக்ஸிடில் இரத்த அழுத்தத்துக்காக வந்த மருந்து. சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி வளர்ந்ததால் தலைக்கு வந்தது. ஃபினாஸ்டரைடு புராஸ்டேட் வீக்கத்துக்காக 1992இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, 1997இல் வழுக்கைக்கு வந்தது. இரண்டுமே வேலை செய்கின்றன, நிறுத்தும் வரை. மென்பொருள்காரனுக்குப் புரியும் மொழியில் சொன்னால், வாங்க முடியாது, சந்தா மட்டும்தான்.

நம் ஊரில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2016இல் சென்னையில் முடி மாற்றுச் சிகிச்சைக்குப் போன ஒரு மருத்துவ மாணவர் செத்துப்போனார். இருபத்திரண்டு வயது. மருத்துவம் படித்துக்கொண்டிருந்த பையனுக்கே எந்த இடத்தில் படுக்கிறோம் என்று தெரியவில்லை, அல்லது தெரிந்தும் அவசரமாக இருந்திருக்கிறது. 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் ஓர் அறிவுறுத்தல் விட வேண்டியிருந்தது. பயிலரங்கிலோ யூடியூபிலோ பார்த்துக் கற்றுக்கொண்டு இந்தச் சிகிச்சையைச் செய்ய ஆரம்பிப்பது போதுமான பயிற்சி ஆகாது என்று. ஓர் ஆணையம் இதை எழுத்தில் சொல்ல வேண்டிய நிலை எப்படி வந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

நான் முன்பணம் கட்டவில்லை. தெளிவு பிறந்ததால் அல்ல. அந்த மாதம் வீட்டுக் கடன் தவணையோடு மகளுக்கு ஸ்கூல் ஃபீஸும் சேர்ந்து வந்தது.

*

எங்கள் டீமில் ஓர் அண்ணன் இருந்தார். நாற்பத்து நாலு வயது. எங்கள் பில்லிங் சிஸ்டத்தின் பாதிக் கோட் அவருடையது. எங்கே என்ன உடைந்தாலும் அவரிடம்தான் ஓடுவோம். டீ குடித்துக்கொண்டே ‘அந்த ரவுண்டிங் ஃபங்ஷன்ல பாருடா’ என்பார், அங்கேதான் இருக்கும். முப்பத்தோரு பேரில் அவரும் ஒருவர். கூப்பிட்டு உட்காரவைத்து, ‘புதிய ஆற்றல் தேவைப்படுகிறது’ என்றார்களாம். தட்டச்சு செய்து தயாராக வைத்திருந்த ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் சட்டம். 1947 தொழில் தகராறு சட்டத்தில் 25ஜி என்று ஒரு பிரிவு 2025 வரை நடைமுறையில் இருந்தது. ஆட்குறைப்பு செய்வதென்றால், அந்தப் பிரிவில் கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவரைத்தான் பொதுவாக முதலில் அனுப்ப வேண்டும், மாற்றிச் செய்தால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். அதாவது சட்டத்தின் கண்ணில் நரை ஒரு தகுதி. ஒருவர் ஒரு வேலைக்குத் தன் நல்ல வருடங்களைக் கொடுத்திருக்கிறார், அதனால் அவர் கடைசியாகத்தான் போக வேண்டும் என்று 1953இலிருந்தே நம் சட்டம் நினைத்திருக்கிறது. இது தெரிந்துதான் கடிதம் தயாராக இருக்கிறது. நீங்களே விலகினால் அது ஆட்குறைப்பு இல்லை, 25ஜியும் இல்லை. இன்னொரு வேடிக்கை, மேலாளர் வேலை செய்கிறவர் அந்தச் சட்டப்படி தொழிலாளி கிடையாது. நம் ஆபீஸில் பியூனைத் தவிர மற்ற எல்லாரும் ஏன் ‘லீட்’, ‘மேனேஜர்’ என்று இருக்கிறோம் என்று இப்போது புரிகிறதா? விசிட்டிங் கார்டில் என்ன போட்டிருக்கிறது என்பதைவிட அவர் உண்மையில் என்ன வேலை செய்தார் என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கும். அதற்கு யாராவது நீதிமன்றம் வரைக்கும் போக வேண்டும்.

அண்ணன் போகவில்லை. அவர் ஜிம்முக்குப் போனார். ஏழு மாதத்தில் பதினோரு கிலோ குறைத்தார். சாயம், புதுக் கண்ணாடி, லேசான தாடி, உடம்போடு ஒட்டின சட்டை. லிங்க்ட்இன் படத்தை ஸ்டூடியோவில் எடுத்தார். வேலை கிடைத்துவிட்டது என்று போன் செய்தபோது எங்கள் எல்லாருக்கும் சந்தோஷம். ‘பாத்தியா, மேக்ஓவர் வேலை செஞ்சிருச்சு’ என்று ஒருத்தன் சொல்லவும் செய்தான். அப்புறம் பெருங்குடியில் ஒரு டீக்கடையில் அவரைப் பார்த்தேன். உண்மையிலேயே பத்து வயது குறைந்து தெரிந்தார். நானும் அதையே சொன்னேன்.

‘தலையப் பாத்து எடுக்கலடா. முன்னாடி வாங்கினதுல பாதி குடுங்க போதும்னேன், எடுத்தாங்க’ என்றார். கொஞ்சம் கழித்து, ‘ஆனா ஜிம் நல்லதுதான், முட்டி வலி போயிடுச்சு’ என்றார்.

இதுதான் என் வழக்கு. நடுவயதுக்காரர்களின் தன்னம்பிக்கை எங்கே போனது என்று கேட்டுக்கொண்டு ஒரு பெரிய சந்தை நம் தலைக்கு மேல் குனிந்து நிற்கிறது. அது கண்ணாடியில் தொலையவில்லை. மனிதவளத் துறையின் அறையில், தயாராக இருந்த ஒரு காகிதத்தில் தொலைந்தது. தொலைத்த இடத்தில் தேட முடியாது என்பதால், வெளிச்சம் நன்றாக இருக்கிற குளியலறைக் கண்ணாடிக்கு மேலேயே தேடச் சொல்கிறார்கள். அதற்குத் தவணைத் திட்டமும் தருகிறார்கள். முப்பத்தோரு பேரின் பொதுப் பிரச்சினை இப்படித்தான் முப்பத்தோரு தனித்தனித் தலைமுடிப் பிரச்சினையாகிறது.

தன்னம்பிக்கை என்ற சொல் தமிழில் எப்போதும் இவ்வளவு சிறியதாக இருக்கவில்லை. என் அப்பாவின் அலமாரியில் எம்.எஸ். உதயமூர்த்தியின் புத்தகங்கள் இருந்தன. இன்றைக்கு எடுத்துப் படித்தால் எனக்கு அவரோடு நூறு சண்டை வரும். எல்லாம் எண்ணத்தில்தான் இருக்கிறது என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் அந்த மனிதர் 1988இல் மக்கள் சக்தி இயக்கம் என்று ஒன்றை ஆரம்பித்து ஊர் ஊராக ஆள் சேர்த்தார். நம்பிக்கை வந்தவன் ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அதில் இருந்தது. இப்போதைய தன்னம்பிக்கைக்கு அப்படி எந்த வேலையும் இல்லை, நேர்முகத் தேர்வில் சிரிப்பதைத் தவிர.

பிசிராந்தையார் கதை பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். இவ்வளவு வயதாகியும் உமக்கு ஏன் நரைக்கவில்லை என்று கேட்டபோது அந்த மனிதர் என்ன தைலம் சொன்னார்? மனைவி, மக்கள், ஏவலர் எல்லாரும் இசைந்து நடக்கிறார்கள், அரசன் அநியாயம் செய்வதில்லை, ஊரில் படித்து அடங்கிய நல்லவர்கள் இருக்கிறார்கள் என்று பட்டியல் போட்டார். புறநானூற்றில் 191ஆவது பாட்டு. தலைமுடியின் நிறத்துக்கு ஆட்சியையும் ஊரையும் காரணம் காட்டிய ஒரே ஆள் நம்மிடம்தான் இருக்கிறார், நாம் அவரை இரண்டு மதிப்பெண் வினாவாக வைத்திருக்கிறோம். பழமொழி நானூறு சொல்லும் கரிகாலன் கதை இதற்கு நேர் எதிர். சின்னப் பையனிடம் நியாயம் கேட்க விரும்பாத இரண்டு கிழவர்களுக்காக அவன் நரைமுடி வைத்துக்கொண்டு வந்து தீர்ப்புச் சொன்னான். அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. நரைத்த தலை என்றாலே வாயைப் பொத்திக்கொள்ள வேண்டிய ஊர்களில் பிறந்து தப்பி வந்தவர்கள்தான் நாம். வேலை கேட்டுப் போகிறவன் எந்த வேஷம் போட வேண்டும் என்பதை எப்போதும் அதிகாரம் இருக்கும் பக்கம்தான் தீர்மானிக்கிறது. அன்றைக்குக் கிழவர்கள், இன்றைக்கு வேறு யாரோ.

*

இதுவரை படித்துத் தலையாட்டிக்கொண்டிருக்கும் இலக்கிய நண்பர்களே, உங்களோடும் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது.

நம் வட்டத்தில் தோற்றத்தைப் பற்றிப் பேசுவதே கேவலம். கசங்கின குர்தா, சீவாத தலை, ‘எனக்கெல்லாம் கண்ணாடி பாக்கவே நேரமில்லை’. இருபத்தாறு வயதில் கசங்கினாலும் அழகாகத்தான் இருக்கும், அதில் தியாகம் ஒன்றும் இல்லை. சாயம் பூசுகிறவனைப் பார்த்து முதலாளித்துவத்தின் அடிமை என்று சிரிப்பது சுலபம். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காமல் போனதற்குக் காரணம் என் அம்மா.

அம்மா விருத்தாசலம் பக்கத்தில் அங்கன்வாடியில் வேலை பார்த்தார். ஐம்பத்திரண்டு வயதில் பேருந்து நிலையத்தில் தடுக்கி விழுந்து மேல் வரிசை முன்பற்கள் இரண்டு போயின. ‘இனிமே எனக்கு எதுக்குப்பா பல்லு, பொண்ணு பாக்கவா வர்றாங்க’ என்றார். நானும் விட்டுவிட்டேன். அம்மா எளிமையானவர், இதையெல்லாம் பெரிதுபடுத்தாதவர் என்று பெருமையாகக்கூட நினைத்தேன். ஆறு வருடம் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டுதான் சிரித்தார். என் மகளின் முதல் பிறந்தநாள் படங்களில் ஒன்றில்கூட அம்மாவின் முழு முகம் இல்லை. அப்புறம் தற்செயலாகத் தெரிந்தது, அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித் தருவதை அவர் நிறுத்தி வெகுநாளாகிவிட்டது என்று. மேல் முன்பல் இல்லாமல் ‘வ’ சரியாக வராது, சொல்லிப் பாருங்கள். பிள்ளைகள் சிரித்திருக்கின்றன. உதவியாளரைப் பாடச் சொல்லிவிட்டு இவர் வருகைப் பதிவேட்டோடு உட்கார்ந்திருக்கிறார்.

சிதம்பரத்தில் பல் மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப்போய் கழற்றி மாட்டும் பல் கட்டினோம். மூன்று தடவை போய் வந்தோம். செலவு அந்த முடிக் கடையின் ஒரு மாதத் தவணையில் பாதிகூட வரவில்லை. பல் கட்டிய மறுவாரம் போன் செய்தேன். பின்னணியில் முப்பது குழந்தைகளின் சத்தம். ‘அப்புறம் பேசறேன் வையி, பாட்டு நடக்குது’ என்று வைத்துவிட்டார்.

தோற்றம் அற்பம் என்கிற என் கொள்கையின் விலை அந்த ஆறு வருடம். அதைக் கொடுத்தது நான் இல்லை, அம்மா. ஆகவே உடம்பைச் சரிசெய்துகொள்ளாதீர்கள் என்று நான் யாருக்கும் சொல்லத் தயாரில்லை. பல்லைக் கட்டுங்கள், முதுகை நிமிர்த்துங்கள், கண்ணுக்கு நல்ல கண்ணாடி போடுங்கள், பிடித்தால் காதில் கடுக்கன்கூடப் போட்டுக்கொள்ளுங்கள். அம்மாவின் பல் அவரைப் பாட்டுக்குத் திரும்பக் கொண்டுபோய் விட்டது. என் சாயம் என்னைக் கேமராவை அணைக்க வைத்தது. ஒன்று உங்களைச் செய்ய வேண்டியதைச் செய்ய விடுகிறது, இன்னொன்று நீங்கள் யார் என்பதை மறைக்கச் சொல்லிக் காசு கேட்கிறது. கடையில் இரண்டையும் ஒரே அலமாரியில்தான் வைத்திருக்கிறார்கள்.

மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் இதை அறுபது வருடத்துக்கு முன்பே பார்த்தார். மூக்கையும் வடுவையும் சரிசெய்தபின் சிலருடைய வாழ்க்கையே மாறிவிடுகிறது. சிலர் கண்ணாடியைப் பார்த்து, ‘ஒன்றும் மாறவில்லையே டாக்டர்’ என்கிறார்கள். கத்தி ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கிறது, ஆனால் காயம் அங்கே இல்லை. இந்தக் குழப்பத்திலிருந்துதான் 1960இல் அவருடைய ‘சைக்கோ-சைபர்நெட்டிக்ஸ்’ வந்தது. அதில் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று போகிறபோக்கில் சொன்னதை, எந்தப் பழக்கமும் 21 நாளில் வந்துவிடும் என்று ஆக்கி இன்றைக்கும் விற்கிறார்கள். ஒரு மருத்துவர் தன் தொழிலையே சந்தேகப்பட்டு எழுதிய புத்தகத்தை அந்தத் தொழிலுக்கே விளம்பரமாக்கிய சாமர்த்தியத்தை மெச்சத்தான் வேண்டும்.

இந்தக் கட்டுரையின் முதல் வரைவை மனைவியிடம் காட்டினேன். என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள், அதே வேலை, வேறு கம்பெனி. படித்துவிட்டு மடிக்கணினியை மூடினாள். ‘ஒரு வருஷம் சாயம் அடிச்சதுக்கு இவ்ளோ பெரிய கட்டுரையா? நான் முப்பது வயசுலேர்ந்து அடிக்கிறேன். எனக்கு யாரும் ஒர்க்‌ஷாப் வைக்கல, நான் தெரிஞ்சுக்கிட்டேன்’ என்றாள். அவள் அலுவலகத்தில் அவளைவிட ஐந்து வயது பெரியவர், முழுக்க நரைத்தவர், ‘டிஸ்டிங்விஷ்ட்’ என்று பெயர் எடுத்தவர். அவள் ஒரு மாதம் சாயம் தவறினால் ‘உடம்பு சரியில்லையா?’ என்று கேட்கிறார்கள். சூசன் சான்டாக் 1972இல் முதுமையின் இரட்டை அளவுகோல் என்று எழுதியது இதைத்தான், நான் அதைக் கல்லூரி முடித்த வருடமே படித்துச் சிலாகித்திருக்கிறேன். அந்த அளவுகோல் என் வீட்டுக் குளியலறை அலமாரியில் என் ஷேவிங் கிரீமுக்குப் பக்கத்திலேயே ஒன்பது வருடமாக இருந்திருக்கிறது. ‘மங்காத்தா’வில் அஜித் நரையோடு வந்த 2011இல் இருந்து ஆண்களுக்கு ‘சால்ட் அண்ட் பெப்பர்’ என்று ஒரு கதவாவது திறந்தது. கூடவே வயிறும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை, அது வேறு கதை. அவளுக்கு அந்தக் கதவும் இல்லை. அவள் சொன்னதைத் தாண்டி இந்த விஷயத்தில் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவள் எழுதினால் இதைவிட நன்றாக இருக்கும். எழுத நேரம் இல்லை என்கிறாள், அதற்கும் காரணம் வீட்டுக்குள்தான் இருக்கிறது.

*

ஐடி ஊழியர்களும் தொழிற்சங்கம் வைத்துக்கொள்ளலாம் என்று தமிழக அரசு 2016இலேயே தெளிவுபடுத்திவிட்டது. எனக்கு அது போன வருடம்தான் தெரியும். ஜூலையில் உறுப்பினராகச் சேர்ந்தேன். பயந்துகொண்டே சேர்ந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெயரை யாரிடமும் சொல்ல மாட்டீர்களே என்று இரண்டு தடவை கேட்டேன்.

முதல் கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தரமணியில் ஒரு மாடி அறை. பதினான்கு பேர் வந்திருந்தோம். மின்விசிறி ஒன்று. கிராஜுவிட்டி எப்படிக் கணக்கிடுவது என்று பலகையில் போட்டுக் காட்டினார்கள், கடைசிச் சம்பளத்தில் அடிப்படை, பதினைந்து, இருபத்தாறு, வருடங்கள். ராஜினாமாக் கடிதத்தை நீட்டினால் அங்கேயே கையெழுத்துப் போடாமல் என்னென்ன கேட்கலாம் என்று ஒரு தாள் கொடுத்தார்கள். பேசிய செயலாளருக்கு ஐம்பது இருக்கும். தலை மட்டும் அட்டைக் கருப்பு, காதோரம் சாயம் தோலில் கொஞ்சம் ஒட்டியிருந்தது. கூட்டம் முடிந்து படியிறங்கும்போது எந்த பிராண்ட் என்று கேட்டேன். சொன்னார். ‘அதுல பிபிடி இருக்கு தோழர், காதுக்குப் பின்னாடி தடவிப் பாத்துட்டுப் போடுங்க’ என்றேன். சரி என்றார். அடுத்த கூட்டத்துக்கு ரெண்டு பேரையாவது கூட்டிட்டு வாங்க என்றார்.